கோடைக்கேற்ற உறைபழ இனிப்புகள்: வீட்டிலே செய்யும் முறை

ஆனி மாதத்து நடுப்பகல். சிறுபோக வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டு வீடு திரும்பும் கமக்காரனின் கால்களைச் சுடுமணல் பொசுக்குகின்றது. முற்றத்து மாமரத்தின்கீழ், முதல்நாள் வீசிய சோளகக் காற்றில் உதிர்ந்த பழங்கள் குவிந்து கிடக்கின்றன. நல்லவை சந்தைக்குச் சென்றுவிட்டன. அடிபட்டவையும் மிகக் கனிந்தவையுமே எஞ்சியுள்ளன. அவற்றை வாங்குவார் இல்லை. நாளை அவற்றில் ஈ மொய்க்கும். நாளை மறுநாள் அவை குப்பைக் குழியைச் சேரும். அவ்வேளையிலே படலையடியில் ஐஸ்பழ வண்டியின் ஒலி கேட்கின்றது. பிள்ளைகள் காசு கேட்டு ஓடி வருகின்றனர். வீட்டில் விளைந்த பழம் வீணே அழுக, நிறமூட்டிய சீனி நீருக்குக் காசு செலவாகின்றது.

இந்நிலையை மாற்றுதல் கடினமன்று. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலுங்கூட, பனிக்கட்டியும் உப்பும் நெல் உமியும் இருப்பின், வீணாகும் பழத்தை உறைந்த இனிப்பாக்கி வீட்டிலுள்ள அனைவரும் உண்ணலாம். அதற்கு வேண்டியவை இரண்டு: ஒன்று அளவு, மற்றையது தூய்மை. அளவு தவறினால் இனிப்பு உறையாது போகும். அதனால் வரும் நட்டம் சிறிது. தூய்மை தவறினாலோ, அறுவடைக் காலத்தில் வீட்டார் வயிற்றோட்டத்தாற் படுக்கையில் விழ நேரிடும்; அந்நட்டம் பெரிது. ஆகவே இவ்விரண்டையும் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

குளிர் உண்டாகும் வகை

ஐஸ் என்று வழங்கும் பனிக்கட்டி 0 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி முற்றாக உருகுவதற்கு, ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதிய வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த பொருள்களிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரம் குளிர்வதற்கு இதுவே காரணம்.

எனினும் பனிக்கட்டியை மாத்திரம் பயன்படுத்தினாற் பழக்கூழ் குளிருமேயன்றி உறையாது. பழத்திலுள்ள சீனியும், நாம் சேர்க்கும் சீனியும் கூழின் உறைநிலையை 0 பாகைக்குக் கீழே இறக்கிவிடுவதே இதற்குக் காரணமாகும். ஆதலால் பனிக்கட்டியினும் குளிர்ந்த ஒன்று தேவைப்படுகின்றது. அதனைத் தருவது உப்பு. உடைத்த பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால், பனிக்கட்டி 0 பாகைக்குக் கீழேயும் உருகிக்கொண்டே இருக்கும்; உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலவையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் உறிஞ்சும். நிறையில் நான்கு பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பைச் சேர்த்தால், கலவையின் வெப்பநிலை ஏறக்குறைய −16 பாகை வரை இறங்கக்கூடும். உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்து தரக்கூடிய ஆகக் குறைந்த வெப்பநிலை −21 பாகையாகும். அதற்கு நூற்றுக்கு 23 பங்கு உப்புப் போதுமானது. அதற்கு மேல் எவ்வளவு உப்பை அள்ளிப் போட்டாலும் குளிர் கூடாது, உப்பே வீணாகும்.

இம்முறை புதியதன்று. வட இந்தியாவிற் குல்பி செய்வோர், மண்பானையிற் பனிக்கட்டியும் உப்பும் இட்டு, அதனுள் மூடிய சிறு குழல்களைப் புதைத்துப் பாலை உறையவைத்து வந்துள்ளனர். 1843 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே நான்சி ஜோன்சன் என்னும் பெண்மணி, கையாற் சுழற்றும் ஐஸ்கிறீம் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அப்பொறியும் பனிக்கட்டியும் உப்பும் தரும் குளிரைக்கொண்டே இயங்கியது.

தேவையான பாத்திரங்களும் உமிப்பெட்டியும்

கூழை இடுவதற்கு இறுக்கமான மூடியுள்ள, இரண்டு லீற்றர் கொள்ளும் எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்று வேண்டும். உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் கூழ் விரைவில் உறையும். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்புள்ள பழங்களுக்குப் பயன்படுத்தாதிருத்தல் நன்று. அப்பாத்திரத்தைச் சுற்றிலும் நான்கு விரல் அகலம் இடைவெளி இருக்குமாறு ஒரு பெரிய வாளியும், கிளறுவதற்கு நீண்ட மர அகப்பை ஒன்றும் தேவை.

வெளியிலுள்ள வெயிலின் வெப்பம் வாளிக்குட் புகுந்து பனிக்கட்டியை வீணே உருக்காதிருத்தற்கு உமி பெரிதும் உதவும். உமிக்குவியலுள் அசையாது அடைபட்டு நிற்கும் காற்று, வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. மரப்பெட்டியொன்றின் அடியிற் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு உலர்ந்த உமியைப் பரப்பி, அதன்மேல் வாளியை வைத்து, பக்கங்களிலும் அதே அளவுக்கு உமியை நெருக்கமாக நிரப்புதல் வேண்டும். உமி நனைந்தால் அதன் பயன் குன்றிவிடும். ஆதலால் ஒவ்வொரு முறையும் அதனை வெயிலில் உலர்த்திக்கொள்ளுதல் வேண்டும். மேலே மூடுவதற்குத் தூய சணற்சாக்கு ஏற்றது.

பசளை நிரப்பியிருந்த பையையோ, பூச்சிநாசினி அடைத்திருந்த போத்தலையோ, அது கலக்கப் பயன்பட்ட வாளியையோ, எத்தனை முறை கழுவியிருப்பினும், இவ்வேலைக்கு எடுத்தலாகாது.

பழத்தைத் தெரிதல்

அடிபட்ட பழம் வேறு. அழுகிய பழம் வேறு. அடிபட்டுக் கன்றிய பகுதியை நன்றாக வெட்டியகற்றிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்ததும், புளித்த நாற்றம் வீசுவதும், புழு விழுந்ததுமான பழத்தை முழுமையாகவே விலக்குதல் வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்துப் பழமாயின், அம்மருந்துக்குக் குறிக்கப்பட்ட இடைவெளி நாட்கள் கழிந்த பின்னரே பறித்தல் வேண்டும். எல்லாப் பழங்களையும், தோல் சீவுவதற்கு முன்னரே, ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். இன்றேல் தோலிலுள்ள அழுக்குக் கத்தி வழியாகச் சதையைச் சேரும். மாம்பழத்தின் காம்படியிற் கசியும் பாலையும் கழுவி நீக்குதல் வேண்டும்.

மாம்பழ உறைகூழ்

கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான் முதலிய நார் குறைந்த மாம்பழங்கள் இதற்கு மிகவும் உகந்தவை. நார் மிகுந்த பழமாயின் கூழை அரிதட்டில் வடித்துக்கொள்ளலாம்.

மாம்பழக் கூழ் 1 கிலோகிராம், சீனி 200 கிராம், நீர் 200 மில்லிலீற்றர், தேசிக்காய் 1, உப்பு ஒரு சிட்டிகை என்பன தேவையாகும். ஒரு கிலோகிராம் கூழுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்காற் கிலோகிராம் பழம் வேண்டியிருக்கும். நீரையும் சீனியையும் கொதிக்கவைத்துப் பாகு காய்ச்சி, மூடி ஆறவிட்டுப் பின்னர் கூழோடும் தேசிப்புளியோடும் கலத்தல் வேண்டும்.

கலவையைச் சுவைத்துப் பார்க்கும்போது அது விரும்பிய இனிப்பிலும் சற்றுக் கூடியதாக இருத்தல் வேண்டும். ஏனெனில் குளிர்ந்த பொருளின் இனிப்பு நாவுக்குக் குறைவாகவே தோன்றும். அதற்காகச் சீனியை அளவின்றிச் சேர்த்தலும் தவறு. சீனி மிகுந்தாற் கூழ் உறையாது குழைவாகவே நிற்கும். குறைந்தாலோ கல்லாக இறுகிவிடும்.

அரிசிமாப் பால் உறையல்

வீட்டில் விளைந்த நெல்லுக்கும் இங்கு இடமுண்டு. பழைய முறைகள் சிலவற்றிற் பச்சை முட்டையைச் சேர்ப்பர். அதனால் நோய்க்கிருமி புகுதல் கூடுமாதலின், பாலைத் தடிப்பாக்குதற்குப் பச்சையரிசி மாவைப் பயன்படுத்துதலே மேலாகும். மா, பாலிலுள்ள நீரைப் பற்றிக்கொள்வதால், உறையும்போது பெரும் பனிமணிகள் தோன்றாமல் இனிப்பு மென்மையாக அமைகின்றது.

பால் 1 லீற்றர், அரிசிமா 40 கிராம், பனங்கட்டி 175 கிராம், ஏலக்காய் 3 என்பன வேண்டும். எருமைப் பாலிற் கொழுப்பு மிகுதியாதலின் அதுவே சிறந்தது. பசுப் பாலும் உதவும். பாலில் ஒரு கோப்பையை எடுத்து மாவைக் கட்டியின்றிக் கரைத்துக்கொள்ளுதல் வேண்டும். மிகுதிப் பாலைக் கொதிக்கவைத்து, கரைத்த மாவை ஊற்றி, மெல்லிய தீயிற் பத்து நிமிடம் வரை அடிப்பிடியாது துழாவுதல் வேண்டும். பனங்கட்டியை ஒரு கோப்பை நீரிற் கரைத்துக் கொதிக்கவைத்து, மண்ணும் தூசியும் நீங்க வடித்து, பாலும் பாகும் ஆறிய பின்னரே ஒன்றாகக் கலத்தல் வேண்டும். கொதிக்கும் பாலிற் பனங்கட்டியை இட்டாற் பால் திரைந்துபோதல் உண்டு.

விளாம்பழம், அன்னாசி, வத்தகப்பழம்

விளாம்பழச் சதை 500 கிராமைக் கொதித்தாறிய நீர் 250 மில்லிலீற்றரிற் கரைத்து, விதையும் நாரும் நீங்க வடித்து, 200 கிராம் பனங்கட்டிப் பாகையும் 400 மில்லிலீற்றர் தடித்த தேங்காய்ப் பாலையும் சேர்த்தால் மிக்க சுவையுள்ள உறையல் கிடைக்கும். பசுப் பால் கிடையாத வீட்டுக்கு இஃது ஏற்றது. தேங்காய்ப் பால் விரைவிற் கெடுமாதலின், பிழிந்தவுடன் ஆவி எழும்வரை சூடாக்கி ஆறவைத்தல் வேண்டும்; கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும்.

அன்னாசியைப் பச்சையாகப் பாலோடு கலத்தலாகாது. அதிலுள்ள ஒருவகை நொதியம் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். ஒரு கிலோகிராம் கூழை 200 கிராம் சீனியோடு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தால் அக்குறை நீங்கும்.

வத்தகப்பழச் சாறு ஒரு லீற்றருக்கு 200 கிராம் சீனியும் இரண்டு தேசிக்காய்ப் புளியும் போதும். இச்சாற்றில் நீர்த்தன்மை மிகுதியாதலின், சிறு அச்சுகளில் வார்த்துக் குச்சி செருகி ஐஸ்பழமாக உறையவைத்தலே பொருத்தமாகும்.

உறையவைக்கும் முறை

முதலிற் கலவை நன்றாக ஆறியிருத்தல் வேண்டும். சூட்டோடு வைத்தாற் பனிக்கட்டி வீணாகும். ஒரு லீற்றர் கலவைக்கு நான்கு கிலோகிராம் பனிக்கட்டியும் ஒரு கிலோகிராம் கல்லுப்பும் தேவையாகும். பனிக்கட்டியைத் தூய சாக்கினுள் இட்டு, பாக்களவு துண்டுகளாக உடைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கலவை உறையும்போது பருமனிற் பெருகுமாதலால், பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புதலாகாது. மூடியை இறுக்கிப் பாத்திரத்தை வாளியின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்குப் பனிக்கட்டியும் அதன்மேல் ஒரு பிடி உப்புமாக மாறிமாறி அடுக்குதல் வேண்டும். அடுக்கு, மூடிக்கு மூன்று விரல் கீழே நிற்றல் வேண்டும். உப்புநீர் மேலெழுந்து உள்ளே புகுந்தால் எல்லாம் பாழாகும்.

பின்னர் பாத்திரத்தை வலமும் இடமுமாகத் திருப்பிக்கொண்டிருத்தல் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூடியைத் தூய துணியால் துடைத்துத் திறந்து, ஓரத்தில் உறைந்து படிந்ததை அகப்பையாற் சுரண்டி நடுவிலுள்ளதோடு சேர்த்து நன்றாக அடித்து, மீண்டும் மூடுதல் வேண்டும். இவ்வாறு அடிப்பதாற் பனிமணிகள் சிறிதாக உடைகின்றன. காற்றும் கலந்து இனிப்பு மிருதுவாகின்றது. இவ்வேலையைச் சோம்பலாற் கைவிடின், மணல் போன்று நெறுநெறுக்கும் கட்டியே கிடைக்கும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற் கலவை தடித்து அகப்பையில் நிற்கும். அப்பொழுது உப்புநீரை வடித்துவிட்டு, இன்னும் சிறிது பனிக்கட்டியும் உப்பும் இட்டு, சாக்கினால் மூடி, ஒரு மணி நேரம் அசையாது வைத்தால் இனிப்பு இறுகும்.

உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவை வெறுங்கையிற் பட்டு நின்றால் தோலை வெந்தாற்போற் புண்ணாக்கும். அதனைச் சிறுபிள்ளைகள் கையாள விடுதலாகாது. பெரியோரும் அகப்பையாலேயே அள்ளுதல் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி உள்ளோர், கலவையை ஆழமற்ற தட்டில் ஊற்றி மூடி, உறையறையில் வைக்கலாம். இரண்டு மணி நேரத்திற்குப் பின் எடுத்து, நன்றாக அடித்து, மீண்டும் வைத்தல் வேண்டும். இதனை ஒரு மணிக்கு ஒருமுறையாக இன்னும் இருமுறை செய்தாற் போதும். உறையறையின் வெப்பநிலை −18 பாகையாக இருத்தல் நன்று.

நோய்க்கு இடங்கொடாதிருத்தல்

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இஃது ஆபத்தான தவறாகும். உறைகுளிர் கிருமிகளை உறங்கவைக்கின்றதேயன்றி அழிப்பதில்லை. கிணற்று நீரிலோ பாலிலோ கையிலோ இருந்து உட்புகுந்த கிருமி, பனிக்கட்டியினுள் உயிரோடிருந்து, உண்டவர் வயிற்றிற் சென்று விழித்துக்கொள்ளும். கொதிக்கவைத்தலே கிருமியை அழிக்கும், உறையவைத்தல் அழிக்காது. ஆகவே சேர்க்கும் நீர் கொதித்தாறிய நீராகவும், பால் காய்ச்சிய பாலாகவும் இருத்தல் வேண்டும். பாத்திரமும் அகப்பையும் ஐஸ்பழக் குச்சியும் கொதிநீரில் இட்டு எடுத்தவையாக இருத்தல் வேண்டும். செய்பவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும். வயிற்றோட்டம் உள்ளவர் இவ்வேலையில் ஈடுபடலாகாது.

மீன் பதனிடுதற்கென விற்கப்படும் பனிக்கட்டியை வாளியில், பாத்திரத்துக்கு வெளியே பயன்படுத்துவதில் தடையில்லை. ஆனால் அதனை உடைத்துக் குடிவகைகளிற் போடுதல் கூடாது. அது குடிக்கத் தகுந்த நீராற் செய்யப்பட்டதென்பதற்கு உறுதியில்லை.

ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையிற் கிருமிகள் விரைந்து பெருகும். ஆதலாற் காய்ச்சிய கலவையை, பாத்திரத்தோடு குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவாக ஆறவைத்து, வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேற் காத்திராமற் குளிரில் வைத்தல் வேண்டும். உருகிப்போன இனிப்பை மறுபடி உறையவைத்து உண்ணுதல் கூடாது. உமிப்பெட்டியிற் செய்ததை அன்றைக்கே உண்டு முடித்தல் வேண்டும்.

வெயிலில் வேலை செய்தவருக்கு உறைந்த இனிப்பு ஒருபோதும் நீருக்கு ஈடாகாது. முதலிற் போதிய நீர் பருகி, நிழலில் இளைப்பாறிய பின்னரே அதனை உண்ணுதல் தகும். நீரிழிவு உள்ளோர் இதனைத் தவிர்த்தல் நன்று. விற்பனைக்காகச் செய்ய விரும்புவோர், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைய நடத்தல் வேண்டுமாதலால், தத்தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்னரே கண்டு ஆலோசனை பெறுதல் வேண்டும்.

எஞ்சிய உப்புநீர்

வேலை முடிந்தபின் வாளியில் எஞ்சும் நீரைக் கமக்காரர் அலட்சியமாகக் கருதலாகாது. அது கடல்நீரிலும் ஐந்து மடங்குக்கு மேல் உப்புச் செறிந்தது. வரம்பிலோ மரக்கறிப் பாத்தியிலோ வாழையடியிலோ அதனை ஊற்றினால் நிலம் உவராகும். வெங்காயமும் போஞ்சியும் நெல் நாற்றும் உவரைத் தாங்கமாட்டா. சுண்ணக்கல் நிலமுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணற்றருகே ஊற்றப்படும் உப்பு, நிலத்தடி நீரையும் சென்றடையும். ஆதலால் அந்நீரை அகன்ற தட்டுகளில் வெயிலில் வைத்து வற்றச் செய்து, கிடைக்கும் உப்பை வேறாக அடைத்து, அடுத்த முறை பனிக்கட்டியோடு சேர்த்தற்குப் பயன்படுத்தலாம். அதனைச் சமையலுக்கு எடுத்தலாகாது.

சுருக்கம்

நான்கு பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு; ஒரு கிலோகிராம் பழக்கூழுக்கு 200 கிராம் சீனி; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுதல்; நீரையும் பாலையும் கொதிக்கவைத்தல்; உப்புநீரை நிலத்தில் ஊற்றாதிருத்தல். இவ்வைந்தையும் மறவாதார் வீட்டில், கோடைப் பழம் குப்பைக் குழிக்குப் போகாது. படலையடியில் ஐஸ்பழ வண்டி வந்து நிற்கும் வேளையில், அவ்வீட்டுப் பிள்ளைகள் தம் முற்றத்து மாம்பழத்தைக் குளிரக் குளிர உண்டுகொண்டிருப்பர்.